இல்லாத காமாலைக்குப் பதினெட்டு நாள் பத்தியம்

இந்தக் கடிதத்தில் நடந்ததையும் சொன்னதையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாகப் பதிவு செய்வேன் என்று உறுதி கூறுகிறேன். கடிதம் அப்பாவுடையது. எழுதுவது நான். அப்பாவின் வலது கைக் கட்டைவிரலில் நாலு தையல் போட்டிருப்பதால் அவரால் பேனா பிடிக்க முடியாது. அவர் சொல்வதை எழுத்துத் தமிழுக்கு மாற்றித்தான் எழுதுகிறேன். அவர் பேசுகிறபடியே எழுதினால் பாதிக் கடிதம் "அதான்லே", "வெளங்குதா" என்றே போய்விடும். மேற்கோளுக்குள் வருவது மட்டும் பேசியது பேசியபடியே. "நான்" என்று வரும் இடமெல்லாம் அப்பா. அடைப்புக்குறிக்குள் வரும் "நான்" உன் தங்கை, பதினோராம் வகுப்பு, நூலகப் புத்தகத்தை ஒரு நாள்கூடத் தாமதமாகத் திருப்பிக் கொடுக்காதவள். ஆகவே நம்பலாம்.

அன்புள்ள மகனுக்கு,

("அன்புள்ள" என்று போடலாமா என்று கேட்டேன். "போடு, போடு. கடுதாசில போட்டா யாரு கேக்கப் போறாக" என்றார் அப்பா.)

நாம் இருவரும் போனில் பேசுவதை எழுதி வைக்க ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும். சாப்பிட்டாயா என்பேன். சாப்பிட்டேன் என்பாய். அங்கே மழையா என்பேன். இல்லை என்பாய். இந்தா அம்மாவிடம் பேசு என்று போனைக் கொடுத்துவிடுவேன். மூன்று வருஷமாக இதே பேச்சு. ஒரு நாள் பின்னால் இடி இடிப்பது எனக்கே கேட்டது. அன்றும் நீ பழக்கத்தில் மழை இல்லை என்றாய், நானும் பழக்கத்தில் சரி என்றேன். அதனால்தான் கடிதம். கடிதத்தை நடுவில் அம்மா கையில் கொடுத்துவிட்டு ஓட முடியாது.

விரல் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் கீழ்த்தோட்டத்தில் திராட்சைக்குக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். எட்டாத கொடி ஒன்றுக்காகக் கத்திரியை இடது கைக்கு மாற்றினேன். நினைப்பு வேறெங்கோ இருந்தது. வலது கைக் கட்டைவிரல் நடுவில் வந்து நின்றது. கத்தினேனோ இல்லையோ, பக்கத்துத் தோட்டத்திலிருந்து மூன்று பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் துண்டைக் கிழித்துக் கட்டினார், ஒருவர் பைக்கை எடுத்தார், அரை மணி நேரத்தில் சின்னமனூரில் ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர்கூட, "வெரல்தானண்ணே, மனசத் திடமா வச்சுக்கங்க, தன்னால ஒட்டிக்கிரும்" என்று சொல்லவில்லை. ஒருத்தர்கூட, "இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனா நாளைக்கு ஊரு என்ன பேசும்" என்று கேட்கவில்லை. தையல் போடும்போது உன் ஞாபகம் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து வலி என்று நர்ஸ் நினைத்துக்கொண்டார். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒன்றைச் சொல்ல வெட்கப்பட்டு இன்னொன்றாகக் காட்டுவது எனக்குக் கைவந்த வேலை. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

போன வருஷம் ஆடி மாதம், லீவே இல்லாத ஒரு நாளில், நீ கோயம்புத்தூரிலிருந்து பையோடு வந்து இறங்கினாய். வந்தவன் அறைக்குள் போய்ப் படுத்தாய். மூன்று நாள் குளிக்கவில்லை. தட்டில் வைத்த சோறு வைத்தபடி திரும்பி வந்தது. அறை வாசலில் நின்று என்ன செய்கிறது என்று கேட்டேன். "தெரியலப்பா. ஒண்ணுமே புடிக்கல" என்றாய். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு அதைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது. "புடிக்கலைன்னா வேற டிப்பார்ட்மெண்டு மாத்திக்கலே. அதுக்கு ஏன் குளிக்காம கெடக்க?" என்றேன்.

மறுநாள் காலை டீக்கடையில், "மகன் வந்திருக்கானாமே, என்ன விசேசம்?" என்று கேட்டார்கள். ஏழெட்டுப் பேர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்க்கிறார்கள். வயிற்றுவலி என்றால் இரண்டு நாளில் சரியாகிவிட வேண்டும். டெங்கு என்றால் பஞ்சாயத்திலிருந்து வந்து புகை அடிப்பார்கள். யோசித்துப் பார்த்தேன். நீண்ட நாள் படுக்க வைக்கிற, யாரும் குறை சொல்லாத, மரியாதையான நோய் ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. "மஞ்சக்காமாலை" என்றேன்.

அன்று மதியமே வீடு நிறைந்துவிட்டது. (மொத்தம் பதினேழு பேர் வந்தார்கள். நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்பது பேர் கீழாநெல்லி கொண்டுவந்தார்கள். நம் ஓடைப்பட்டியில் அந்த வாரம் வரப்பில் ஒரு கீழாநெல்லிகூட மிச்சமில்லை.) மார்க்கையன்கோட்டையிலிருந்து உன் பெரிய அத்தை வந்தாள். உன் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, கண்ணு வெள்ளையாவுல்ல இருக்கு?" என்று கேட்டாள். பொய் சொல்கிறவனுக்கு மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது, பார். "இது உள்மஞ்சள் ஆத்தா. வெளிய தெரியாது" என்றேன். அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ, வெளிய தெரியாததுல்ல ஆபத்து!" என்றாள். மகனே, உன்னைப் பற்றி அந்த மாதம் எங்கள் வீட்டில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான். அதையும் அவள் அறியாமல் சொன்னாள், நான் அறியாமல் கேட்டேன்.

பிறகு பத்தியம். எண்ணெய் கூடாது, உப்பு கூடாது, புளி கூடாது, காரம் கூடாது. விடிந்ததும் வெறும் வயிற்றில் ஆட்டுப்பாலில் அரைத்த கீழாநெல்லி. மூன்று வேளையும் உப்பில்லாத மோர்ச்சோறு. காமாலை இல்லை என்று வீட்டில் நான்கு பேருக்கும் தெரியும். ஆனால் வந்து போகிறவர்கள் அடுப்படி வரை வந்து சட்டியைத் திறந்து பார்த்ததால் வேறு வழியில்லாமல் அப்படித்தான் சமைக்க வேண்டியிருந்தது. நீ பதினெட்டு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அதைச் சாப்பிட்டாய். வேறு எந்தப் பிள்ளையாவது தட்டைத் தூக்கி எறிந்திருப்பான். நீ சண்டை போடாததைப் பார்த்து, பையன் தேறி வருகிறான், பொறுமை வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். சண்டை போடக்கூட உனக்குத் தெம்பு இல்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

(உண்மையைப் பதிவு செய்வதாகச் சொன்னதால் இதையும் எழுத வேண்டும். நான் தினமும் என் ஜாமெட்ரி பாக்ஸில் மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்து உனக்குக் கொடுத்தேன். காம்பஸ் துருப்பிடித்துப் போனதற்கு அதுதான் காரணம். இதை இப்போது சத்தமாகப் படித்தேன். அடுப்படியிலிருந்து அம்மா, "மேத்தட்டுல இருந்த ஊறுகா சாடி ஒனக்கு எட்டுற எடத்துக்கு எப்புடி வந்துச்சுன்னு நெனச்ச? அதுவா எறங்கி நடந்து வந்துச்சா?" என்று கேட்டார்கள். அப்பாவுக்கு இரண்டும் புதுச் செய்தி.)

பத்தொன்பதாம் நாள் நீ கல்லூரிக்குக் கிளம்பினாய். பஸ் ஏற்றிவிட்டு வந்து, காமாலை இறங்கிவிட்டது என்று டீக்கடையில் சொன்னேன். எல்லோரும் கீழாநெல்லியைப் புகழ்ந்தார்கள். நானும் புகழ்ந்தேன். அடுத்த வாரம் ஒருவர் தன் மருமகனுக்கு என்னிடம் வைத்தியம் கேட்டு வந்தார். அவருக்கும் சொல்லி அனுப்பினேன்.

இப்போது உன் தங்கை ஒன்று சொல்ல வேண்டும் என்கிறாள்.

(அண்ணே, போன வாரம் ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் போனில் சொன்னதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அதை மீறிவிட்டேன். அம்மாவிடமும் அப்பாவிடமும் சொன்னேன். வேறு யாரிடமும் இல்லை. வருகிற வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கல்லூரி மனநல ஆலோசகரிடம் நேரம் வாங்கி வைத்திருப்பதாகவும், ஆனால் போகப் போவதில்லை என்றும் நீ சொன்னாய். காரணம் கேட்டதற்கு, "அந்த ரூமு கேன்டீனுக்கு நேர் எதிர்ல இருக்கு பாப்பா. எவன் உள்ள போறான்னு டீ குடிச்சுக்கிட்டே பாப்பானுக. போனவனுக்கு சர்வீசுக்கு விட்ட வண்டின்னு பேரு வச்சிருக்கானுக" என்றாய். நீயும் ஒருவனை அப்படிக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னாய். வேலைக்கு எடுக்க வருகிறவர்களுக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்றாய். கடைசியில், "அப்பா வெயில்ல கெடந்து கஷ்டப்படுறாக. நான் ஏசி லேப்ல உக்காந்திருக்கேன். எனக்குப் போயி டிப்ரஷன்னா யாராச்சும் சிரிப்பாக" என்றாய். இதற்கெல்லாம்கூட நான் சத்தியத்தை மீறியிருக்க மாட்டேன். ஆனால் இப்போது என்ன புத்தகம் படிக்கிறாய் என்று நீ கேட்கவில்லை. எப்போதும் கேட்பாய். தேர்வுக்கு முதல் நாள்கூடக் கேட்பாய். போனை வைத்த பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. உடனே அப்பாவிடம் போய்விட்டேன். கோபப்படுவதானால் என் மேல் படு.)

அவள் சொன்னதும் நான் செய்த காரியத்தைக் கேள். நம் ஊரில் கொடிக்கு நோய் வந்தால் கொடியையா பிடுங்கிக்கொண்டு போகிறோம்? வாடின இலை ஒன்றைக் கிள்ளி, பாலித்தீன் பையில் போட்டு, மருந்துக்கடையில் நீட்டுவோம். கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், "செவட்டைண்ணே" என்பார், மருந்தைக் கொடுப்பார், கொண்டுவந்து அடிப்போம். முப்பது வருஷமாக எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். ஆகவே திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் தேனிக்குப் போனேன். பையில் உன் போட்டோ ஒன்று, போன செமஸ்டர் மார்க் ஷீட் ஒன்று, நீ எப்போது தூங்குகிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்று உன் தங்கை எழுதிக் கொடுத்த தாள் ஒன்று. மனநல டாக்டரின் அறை வாசல் பெஞ்சில் துண்டைத் தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

பக்கத்தில் இன்னொருவர் அதே மாதிரி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு துண்டும் ஒரே நேரத்தில் திரும்பின. நம் ஊர்க்காரர். உன் காமாலையைப் பார்க்க வந்த பதினேழு பேரில் ஒருவர். பெயர் சொல்ல மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன். (நோட்டைப் பார்த்தேன். யாரென்று ஊகித்துவிட்டேன். ஆனால் எழுத மாட்டேன். ஒரு சத்தியத்தை மீறியது போதும்.)

"என்னண்ணே, இங்கன?" என்றார் அவர்.

"சும்மா, கண்ணு டெஸ்ட்டுக்கு" என்றேன்.

"அட, நானும் கண்ணுக்குத்தான்."

கண் டாக்டர் இருப்பது வேறு கட்டடம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். கொஞ்ச நேரம் கண்ணாடி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது நர்ஸ் வெளியே வந்து அவரைப் பார்த்து, "என்னய்யா, இந்த மாசம் ரெண்டு நாள் லேட்டு? மாத்திரை தீந்திருச்சா?" என்று கேட்டாரே பார்க்கலாம். அவர் எழுந்து, என் பக்கம் திரும்பாமல், "ரெண்டு வருசமாக் கண்ணுண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

டாக்டர் அம்மாவுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். போட்டோ, மார்க் ஷீட், தாள் மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்தேன். "ஆள் எங்க ஐயா?" என்று கேட்டார். "ஆளு கோயம்புத்தூர்ல இருக்கான் தாயி. இதப் பாத்து ஒரு மருந்து எழுதிக் குடுத்தீகன்னா கூரியர்ல அனுப்பிருவேன்" என்றேன். அவர் போட்டோவை எடுத்துப் பார்த்தார். "பையன் நல்லாச் சிரிக்கிறாரே?" என்றார். அது பத்தாவது பாஸான அன்று எடுத்தது என்றேன். திராட்சை இலை விஷயத்தையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்; கேலிச் சிரிப்பு இல்லை. "ஐயா, இலை பேசாது, அதனால நாம பார்த்துக் கண்டுபிடிக்கிறோம். உங்க பையன் பேசுவாருல்ல? அவர் வந்து பேசினாத்தான் என்னன்னு தெரியும். பேசினாலே போதுமா, மாத்திரையும் வேணுமான்னு அவரைப் பார்க்கிறவங்க சொல்லுவாங்க" என்றார். நான் பைத்தியம் என்கிற வார்த்தையை அந்த அறையில் ஏழு தடவை சொல்லியிருப்பேன். அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பிறகு மூன்று தாளையும் என் பக்கமே தள்ளிவிட்டு, "அது இருக்கட்டும். நீங்க எப்படித் தூங்குறீங்க?" என்று கேட்டார்.

நான் அரை மணி நேரம் பேசினேன். திராட்சை விலையைத் தவிர வேறு எதைப் பற்றியும் நான் அரை மணி நேரம் பேசியதில்லை. நீ ஒன்பதாவது படித்தபோது, பறிக்கிற நேரத்தில் மழை பிடித்து இரண்டு தோட்டமும் வெடித்து அழுகிப் போனதே, அந்த வருஷம் நான் இரண்டு மாதம் படுத்திருந்தேன். இடுப்புப் பிடிப்பு என்று உங்களுக்குச் சொன்னேன். இடுப்புக்கு ஒன்றும் இல்லை. எழுந்து நின்றால் பந்தலைப் பார்க்க வேண்டும், பார்க்க முடியவில்லை, அதனால் எழவில்லை. காரணமே இல்லாமல் அழுகை வரும். போர்வைக்குள் அழுவேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

(இந்த இடத்தில் அம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்கள். "அப்ப நான் ரெண்டு மாசம் தைலம் தேச்சேனே?" என்று கேட்டார்கள். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அப்பா. "எத்தன டப்பா! என் கையி ரேக தேஞ்சு போச்சு! நல்ல இடுப்புக்காய்யா தேச்சேன்?" என்றார்கள் அம்மா. பிறகு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். கரண்டியிலிருந்து தரையில் சாம்பார் சொட்டியது. யாரும் துடைக்கவில்லை.)

ஆகவே மகனே, காமாலை என் முதல் பொய் இல்லை. இடுப்புதான் முதல் பொய். மனசு ஒடிந்தால் உடம்பில் ஓர் இடத்தைக் காட்டிவிட வேண்டும் என்பதை நான் எனக்குச் செய்து பழகி, பிறகு உனக்கும் பழக்கிவிட்டேன். உன் கல்லூரியில் டீ குடித்துக்கொண்டு வாசலைப் பார்க்கிற பையன்களை நான் திட்டப் போவதில்லை. அவர்கள் வீட்டிலும் எத்தனை இடுப்பு இருந்ததோ. ஏசி லேப்பில் இருப்பவனுக்குக் கஷ்டம் வரக்கூடாது என்று நீ சொன்னாயாம். உரம் வைத்து, நேரத்துக்குத் தண்ணீர் விட்டு, நான் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்ட மேல்தோட்டத்தில்தான் செவட்டை முதலில் வந்தது. உனக்கென்ன குறை வைத்தேன் என்று அந்தக் கொடியிடம் நான் கேட்கவில்லை.

டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் நம் ஊர்க்காரர் எனக்காகக் காத்திருந்தார். டீயும் வடையும் சாப்பிட்டோம். இப்போது தேவலை என்றார். முன்பெல்லாம் செருப்பை மாட்டுவதே மலை ஏறுகிற மாதிரி இருக்கும் என்றார். பிறகு, "உம்ம மகனுக்குக் காமாலை இல்லைன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். அந்தப் பய படுத்துக் கெடந்த கெடையப் பாத்தேன்ல" என்றார்.

"தெரிஞ்சுமா கீழாநெல்லி கொண்டாந்தீரு?"

"வேற என்னத்தக் கொண்டாந்து குடுக்க, சொல்லும்?" என்றார்.

நீ அறைக்குள் படுத்திருந்தபோது, உனக்கு என்ன என்று தெரிந்த ஒரு மனுஷர் கையில் ஒரு கொத்துச் செடியோடு வாசலில் நின்றிருக்கிறார். நானும் வாசலில் நின்றிருக்கிறேன். இரண்டு பேரும் காமாலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். அதை நினைத்துக்கொண்டுதான் அடுத்த நாள் கவாத்துக்குப் போனேன். விரல் வெட்டுப்பட்டது அன்றுதான்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். நானும் கோயம்புத்தூருக்கு வருகிறேன். வெள்ளை வேட்டி, கையில் கட்டு, இரண்டு பெட்டி விதையில்லாத் திராட்சை. பத்தே முக்காலுக்கு உன் கேன்டீனில் உட்கார்ந்து பெட்டியைப் பிரிப்பேன். ஓசியில் திராட்சை கிடைக்கும்போது எதிர் அறைக்குள் யார் போகிறான் என்று ஒரு பயலும் பார்க்க மாட்டான். (ஏன் வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், "எம்மவனுக்கு மனசு சரியில்ல, அதான்" என்று தைரியமாகச் சொல்லப்போவதாக அப்பா சொன்னார். அது அண்ணனின் விஷயம், அவன்தான் சொல்ல வேண்டும் என்றேன். அப்பா யோசித்தார். "அப்ப எனக்குச் சரியில்ல, தேனில வைத்தியம் பாக்குறேன்னு சொல்றேன். அது பொய்யில்லையே?" என்றார். பொய்யில்லை என்றேன்.) நீ அந்த அறைக்குள் போவதும் போகாததும் உன் விருப்பம். நான் கையைப் பிடித்து இழுக்க மாட்டேன், ஒரு கை வேலை செய்யவும் செய்யாது. போகவில்லையென்றால் இரண்டு பேரும் டீ குடிப்போம். சாப்பிட்டாயா, மழையா என்று கேட்க மாட்டேன். வேறு என்ன கேட்பதென்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொள்கிறேன்.

(கவரை ஒட்ட வேண்டாம், மறைத்து மறைத்துத்தான் இவ்வளவும் வந்தது, ஊரே படிக்கட்டும் என்றார் அப்பா. இதைக் கொண்டுவரப்போவது கோயம்புத்தூர் மார்க்கெட்டுக்குப் போகும் திராட்சை வண்டியின் டிரைவர் அண்ணன், அவர் கட்டாயம் படிப்பார் என்றேன். "அப்ப ஒட்டிரு. ஒங்கண்ணன் படிச்சிட்டு, வேணும்னா ஆஸ்டல் செவுத்துல ஒட்டிக்கிரட்டும்" என்றார். எப்படி முடிப்பது என்று கேட்டேன். இப்படிக்கு அன்புள்ள அப்பா என்றால் போதுமா என்றேன். "இரு, இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார். இருந்தேன். வாயைத் திறந்தார், மூடினார், கட்டைவிரல் கட்டைப் பார்த்தார். அதற்குள் மணி ஒன்பது ஆகிவிட்டது. ஒன்பது மணிக்கு அப்பா படுத்துவிட வேண்டும் என்பது தேனி டாக்டர் சொன்னது. அம்மா எழுந்து போய்ச் சுவிட்சைத் தட்டிவிட்டார்கள். இதற்கு மேல் வரி கோணலாகப் போவதற்கு மன்னித்துவிடு. இருட்டில் அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "போறதுக்குப் பயமா இருக்கும்லே. எனக்கும் இருந்துச்சு. அந்தப் பெஞ்சில உக்காந்திருந்தப்ப எந்திரிச்சு ஓடிரலாமான்னு இருந்துச்சு. பக்கத்துல ஒரு ஆளு இருந்தாரு, அதனால ஓடல. அம்புட்டுத்தான். நான் வாரேன்." மற்ற அறைகளின் விளக்குகளும் அணைக்கப்பட்டன.)